அட்வான்ஸ் கொடுத்த கார் வரலை... கம்பெனியையே கையிலெடுத்த டீலர்! - ஜீப்புக்குப் பின்னால் இருக்கும் வில்லிஸ் கதை

செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஃபோர் வீல் டிரைவ் வாங்கணும்னு இறங்கின எல்லோரும் ஒரு கட்டத்துல வந்து நிற்கிற இடம் ஒண்ணுதான். ஓனர்கிட்டயே நேரடியா வாங்குறதா, இல்ல டீலர்கிட்ட போறதா? ஓனர்கிட்ட போனா ரேட் குறையும். டீலர்கிட்ட போனா அதே வண்டிக்குக் கூடுதலா கேட்பாங்க. அந்தக் கூடுதல் பணம் எதுக்கு? வண்டியைக் கழுவி, சீட் கவர் மாத்தி, டயருக்கு பாலிஷ் போட்டதுக்கா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினா, 100 வருஷத்துக்கும் முன்னால அமெரிக்காவுல கார் வித்துக்கிட்டிருந்த ஒரு டீலர் ஞாபகத்துக்கு வர்றார். ஜான் நார்த் வில்லிஸ். பழைய ஜீப்களின் பானெட் ஓரத்தில் அடித்திருக்குமே, அதே வில்லிஸ். நம்ம ஊர்ல எல்லோரும் வில்லீஸ்னுதான் இழுத்துச் சொல்றோம். அமெரிக்கர்கள் சொல்வது வில்லிஸ். ஜீப்பை வடிவமைத்தவர் இவர் இல்லை. இன்னும் சொல்லப்போனால், ஜீப் என்ற வண்டியை இவர் கண்ணால் பார்த்ததே கிடையாது. ஆனால், இவர் ஒரு வாரக்கடைசியில் ரயிலேறிப் போகாமல் இருந்திருந்தால், பிற்பாடு ஜீப்பைச் செய்த அந்த கம்பெனி 1907-லேயே காணாமல் போயிருக்கும்.

சைக்கிள் கடைப் பையன்

1873 அக்டோபரில், நியூயார்க் மாகாணத்தில் இருக்கும் கேனன்டேகுவா என்ற சின்ன ஊரில் பிறந்தவர் வில்லிஸ். வியாபார புத்தி சின்ன வயசிலேயே ஒட்டிக்கொண்டது. பள்ளி வயது தாண்டாத நிலையில் நண்பன் ஒருவனோடு சேர்ந்து, செனிகா ஃபால்ஸ் என்ற பக்கத்து ஊரில் ஒரு லாண்டரியை வாங்கி நடத்தினார். பையன் ரெண்டு நாளில் திரும்பி வந்துடுவான் என்று வீட்டில் நினைத்தார்கள். அவரோ கொஞ்ச நாள் ஓட்டி, லாபத்துக்கு விற்றுவிட்டுத்தான் வந்தார்.

வக்கீலுக்குப் படிக்க ஆசைப்பட்டார். அப்பாவின் மரணம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அப்போது அமெரிக்காவே சைக்கிள் பைத்தியம் பிடித்து அலைந்துகொண்டிருந்த நேரம். ஒரு சைக்கிளை சாம்பிளுக்கு வாங்கி, அதைக் காட்டி ஆர்டர் பிடிக்க ஆரம்பித்தார். கடை போட்டார், பின்பக்கமே ரிப்பேர் ஷெட்டும் போட்டார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் கடனுக்குக் கொடுத்த சரக்குக்குப் பணம் திரும்பி வரவில்லை. கையைச் சுட்டுக்கொண்டு கடையை மூடவேண்டியதாயிற்று. விற்பது வேறு, வசூலிப்பது வேறு என்பதை வில்லிஸ் படித்தது இங்கேதான். ஆனாலும் வாழ்நாள் முழுக்க அவருக்கு முதல் வேலைதான் பிடித்திருந்தது. ரெண்டாவது வேலை கடைசிவரை வரவே இல்லை.

கொஞ்ச காலம் ஊர் ஊராகச் சுற்றும் சேல்ஸ்மேனாக இருந்துவிட்டு, எல்மைரா என்ற ஊரில் நொடித்துப்போயிருந்த விளையாட்டுச் சாமான் கடை ஒன்றை எடுத்து, மறுபடி சைக்கிளில் பெரிய ஆளானார். 1900-ஐ ஒட்டிய சமயத்தில், கிளீவ்லேண்ட் நகரில் ஒரு கட்டடத்தின் ஜன்னல் வழியே கீழே பார்த்தபோது, குதிரை இல்லாத வண்டி ஒன்று தெருவில் தானாகப் போவதைப் பார்த்தார். அந்த ஊரிலேயே தயாரான விண்டன் கார். சைக்கிளின் கதை முடிந்தது என்று அப்போதே மனதில் முடிச்சுப் போட்டுவிட்டார். அடுத்த சில வருஷங்களில் பியர்ஸ், ராம்ப்ளர் என்று கிடைத்த கார்களையெல்லாம் எடுத்து விற்க ஆரம்பித்தார். முதல் வருஷங்களில் விற்ற கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிறகு டிமாண்ட் எகிறியது. கார் வாங்க ஆள் இருந்தது; விற்கத்தான் கார் இல்லை.

10,000 டாலர் அட்வான்ஸ்

கார் கிடைக்காத டீலர் என்ன செய்வார்? ஒரு கம்பெனி செய்கிற மொத்த காரையும் தானே வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போடுவார். வில்லிஸ் அதைத்தான் செய்தார். இண்டியானாபோலிஸ் நகரில் ஓவர்லேண்ட் என்ற சின்ன கம்பெனி இருந்தது. 1906-ல் அது செய்ததே 47 கார்கள்தான். அத்தனையையும் எடுத்துக்கொண்டார். அடுத்து 500 கார்களுக்கு ஆர்டர் கொடுத்து, 10,000 டாலர் அட்வான்ஸும் கட்டினார்.

இங்கே ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். அந்தக் காலத்துல பல கார் கம்பெனிகள் கையில் பெரிய முதலே கிடையாது. டீலர்கள் கொடுக்கும் அட்வான்ஸ்தான் முதல். அதை வெச்சுத்தான் சக்கரமும் இன்ஜின் பாகங்களும் வாங்குவாங்க. கார் ரெடியானதும் டீலர் மீதிப் பணத்தை ரொக்கமா எண்ணி வெச்சுட்டு வண்டியை எடுத்துக்கணும். டீலர் என்றால் நடுவில் கமிஷன் அடிக்கிற ஆள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அமெரிக்க கார் தொழிலின் ஆரம்ப ரிஸ்க்கில் பெரிய பங்கை அந்த நடு ஆள்தான் தலையில் சுமந்தான்.

1907 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு பெரிய டிரஸ்ட் கம்பெனி சரிந்தது. ஜனங்கள் பணத்தை எடுக்க பேங்க் வாசல்களில் குவிந்தார்கள். நாடு முழுக்க பேங்குகள் ரொக்கம் கொடுப்பதைச் சுருக்கிக்கொண்டன. கணக்கில் பணம் இருந்தாலும் கைக்கு வராது. 2016 நவம்பரில் ஏ.டி.எம். வாசல்ல நின்னவங்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும். ஓவர்லேண்டிடமிருந்து கார் வருவது நின்றது. கடிதத்துக்கும் சரியான பதில் இல்லை.

வில்லிஸ் எல்மைராவில் உட்கார்ந்து தந்தி அடித்துக்கொண்டிருக்கவில்லை. ரயிலேறி நேரே இண்டியானாபோலிஸுக்கே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினால், அங்கே கம்பெனி மறுநாள் மூடுவிழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை தொழிலாளர்களுக்குச் சம்பளமாக செக் கொடுத்திருக்கிறார்கள். பேங்கில் அதற்குப் பணம் இல்லை. திங்கள்கிழமை காலையில் செக்கெல்லாம் திரும்பும். அத்தோடு கதை முடியும். அவருடைய 10,000 டாலரும் போகும்.

துண்டு விழுந்த தொகை எவ்வளவு தெரியுமா? சுமார் 350 டாலர்!

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் வில்லிஸைப் பற்றி எழுதிய எல்லோரும் சப்புக்கொட்டிச் சொல்கிறார்கள். தான் தங்கியிருந்த கிராண்ட் ஹோட்டலுக்குத் திரும்பினார். பென்சில்வேனியாவின் வெல்ஸ்போரோ என்ற குட்டி ஊரின் பேங்க் மீது ஒரு செக் எழுதி, அதற்கு ரொக்கம் வேண்டும் என்று கவுன்டரில் நீட்டினார். பேங்க்கே பணம் கொடுக்காத நேரத்தில் ஹோட்டல்காரர் கொடுப்பாரா? ஆனால், பேசினது யாரு, சேல்ஸ்மேன் ஆச்சே. அன்று ராத்திரி ஹோட்டலின் பாருக்கும் சாப்பாட்டுக் கவுன்டருக்கும் வந்த காசெல்லாம் வெளியே போகாமல் ஒரு பக்கமாகச் சேர்ந்தது. நோட்டும் சில்லறையுமாக மூட்டை கட்டி, திங்கள் காலை பேங்க் திறந்ததும் கட்டினார். செக் எதுவும் திரும்பவில்லை.

அதோடு விட்டுவிட்டுப் போயிருந்தால் அவர் வெறும் சாமர்த்தியசாலி. அங்கேயே தங்கினார். கம்பெனிக்கு இருந்த கடன் சுமார் 80,000 டாலர். கடன்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். கொஞ்சம் ரொக்கம், மீதிக்கு கம்பெனியின் பங்கு என்று பேசி முடித்தார். உரிமையாளராக இருந்த டேவிட் பாரி அந்த நெருக்கடியில் சொத்தை இழந்து ஒதுங்கிவிட, காருக்கு அட்வான்ஸ் கொடுத்த டீலர் கார் கம்பெனிக்குத் தலைவர் ஆனார். வயது 34.

இப்ப நம்ம கேள்விக்கு வருவோம். டீலரா, ஓனரா? வில்லிஸ் கதையை வெச்சுப் பார்த்தா, டீலருக்குக் கொடுக்கிற கூடுதல் காசுக்கு நியாயம் ஒண்ணே ஒண்ணுதான். நாளைக்கு வண்டியில பிரச்னைன்னா அவர் அதே இடத்துல இருக்கணும், பதில் சொல்லணும். 500 காருக்கு வாக்குக் கொடுத்துட்டு, கார் வரலைன்னதும் கையை விரிக்காம ஓடிப்போய் நின்னாரே, அந்த வேலைக்குத்தான் மார்ஜின். அப்படி நிற்காத டீலருக்கு பாலிஷ் போட்ட டயருக்கான காசைக் கொடுக்கிறதுகூட தண்டம். நேரடியா ஓனர்கிட்ட வாங்கினா அந்த மார்ஜின் மிச்சம்தான். ஆனா, அந்த ஓட்டத்தை நீங்களே ஓடணும். போட்டோ பார்த்து டோக்கன் அட்வான்ஸ் அனுப்புற வேலையே கூடாது. வண்டி எங்கே நிற்குதோ அங்கே போங்க.

சர்க்கஸ் கூடாரத்தில் கார் ஃபேக்டரி

ஓவர்லேண்டின் ஷெட் சின்னது. புது கட்டடம் கட்டப் பணமில்லை. வில்லிஸ் ஒரு பெரிய சர்க்கஸ் கூடாரத்தை வாங்கி நட்டு, அதற்குள்ளேயே கார்களைப் பூட்ட வைத்தார். 1908-ல் அந்த அமைப்பிலிருந்து வெளியே வந்தவை 465 கார்கள். அடுத்த வருஷம் 4,907. இந்த எண்களுக்கு நடுவில் எந்த மாயமும் இல்லை. மனிதருக்கு நாடு முழுக்க டீலர்களைத் தெரியும், டீலர்களுக்கு அவரைத் தெரியும். அவரே டீலராக இருந்து வந்ததால், அவர்களுக்கு எப்போது எது தேவை என்பதும் தெரியும்.

1909-ல் ஒஹையோ மாகாணம் டொலீடோவில், போப் டொலீடோ கார் கம்பெனியின் ஃபேக்டரி விலைக்கு வந்தது. வாங்கிப்போட்டார். 1912-ல் கம்பெனியின் பெயர் வில்லிஸ் ஓவர்லேண்ட் ஆனது. அந்த வருஷத்திலிருந்து 1918 வரை அமெரிக்காவில் ஃபோர்டுக்கு அடுத்து அதிக கார் செய்தது இவர்கள்தான். 1916-ல் மட்டும் 1,40,000 கார்களுக்கு மேல். சர்க்கஸ் கூடாரத்திலிருந்து எட்டே வருஷம்.

இந்த வளர்ச்சியில் இன்றைக்கும் நம்மைத் தொடுகிற ஒரு சங்கதி உண்டு. 1915-ல், தன் கார்களைத் தவணையில் விற்பதற்காகவே டொலீடோவில் காரன்ட்டி செக்யூரிட்டீஸ் என்ற நிதி நிறுவனத்துக்கு வழி செய்தார் வில்லிஸ். அமெரிக்காவில் கார் லோனைப் பெரிய அளவில் கொடுக்க ஆரம்பித்த முதல் நிறுவனங்களில் அது ஒன்று. ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த நிதி நிறுவனம் வந்தது 1919-லதான். நம்ம இ.எம்.ஐ.-யின் தாத்தாக்களில் இவரும் ஒருத்தர்னு சொல்லலாம். கடனுக்கு சைக்கிள் கொடுத்து ஏமாந்தவர், காருக்குக் கடன் கொடுக்கும் வேலையைத் தனி கம்பெனியிடம் தள்ளிவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் பழைய பாடம் மறக்கவில்லை.

மற்ற விஷயங்களில் மறந்துபோச்சு. பணம் வர வர, கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினார். சத்தமில்லாமல் ஓடும் நைட் இன்ஜினுக்காக ஒரு கார் கம்பெனி. விமானம் செய்யும் கர்டிஸ் கம்பெனியின் கட்டுப்பாடு. கலப்பை கம்பெனி. பேட்டரி, லைட் பாகங்கள் செய்யும் ஆட்டோலைட். நியூஜெர்சியின் எலிசபெத் நகரில் பிரமாண்டமான இன்னொரு ஃபேக்டரி. எல்லாவற்றுக்கும் மேலே வில்லிஸ் கார்ப்பரேஷன் என்று ஒரு குடை. அத்தனையும் பேங்க் கடன்.

1919-ல் டொலீடோவில் தொழிலாளர் போராட்டம் வெடித்து, கலவரமாகி, உயிர்ப்பலியும் ஆனது. ஃபேக்டரி மாதக்கணக்கில் முடங்கியது. 1920-ல் பொருளாதாரம் சரிந்தபோது கார் வாங்க ஆளில்லை. கடன்காரர்கள் மட்டும் வரிசையில் நின்றார்கள்.

வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் சம்பளம்

பேங்குகள் ஓர் ஆளைக் கொண்டுவந்து உட்காரவைத்தன. வால்டர் கிரைஸ்லர். வருஷச் சம்பளம் 10 லட்சம் டாலர். 1920-ல்! வந்த கையோடு அவர் வெட்டியவற்றில் ஒன்று, கம்பெனித் தலைவர் வில்லிஸின் சம்பளம். அதை 1,50,000 டாலரிலிருந்து பாதியாக்கினார். தன் பெயர் வாசலில் பொறித்திருக்கும் கம்பெனியில், வந்தவர் தன் சம்பளத்தைக் குறைப்பதை வில்லிஸ் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியிருந்தது.

கிரைஸ்லருக்கு வில்லிஸைத் தூக்கிவிட்டுத் தன் பெயரில் கார் செய்யும் எண்ணம் இருந்தது. எலிசபெத் ஃபேக்டரியில் மூன்று இன்ஜினீயர்களை வைத்து புது கார் ஒன்றும் உருவாகிக்கொண்டிருந்தது. ஆனால், வில்லிஸ் அசரவில்லை. டீலர்களும் பங்குதாரர்களும் அவர் பக்கம் நின்றார்கள். 1921-ல் மேலே இருந்த குடை கம்பெனி திவால் நிர்வாகத்துக்குப் போனது, எலிசபெத் ஃபேக்டரி 1922-ல் ஏலத்தில் கைமாறியது, கிரைஸ்லர் கிளம்பினார். டொலீடோ கம்பெனி வில்லிஸிடமே தங்கியது. நாடு முழுக்க மறுபடி டீலர், டீலராகப் போய் ஆர்டர் பிடித்தார். சில வருஷங்களில் கம்பெனி லாபத்துக்கு வந்துவிட்டது. கிரைஸ்லரும் சும்மா இல்லை, அதே மூன்று இன்ஜினீயர்களைக் கூட்டிக்கொண்டு 1924-ல் தன் பெயரில் கார் கொண்டுவந்தார். அந்தப் பெயர் இந்தக் கதையில் இன்னொரு முறை வரும்.

1926-ல் வில்லிஸ் ஒரு சின்ன கார் விட்டார். பெயர் விப்பெட். அமெரிக்கர்கள் பெரிய காருக்கு ஆலாய்ப் பறந்த காலத்தில் இது குட்டி, எளிமை, விலை குறைவு. நன்றாகவே விற்றது. அந்தக் காரின் நாலு சிலிண்டர் இன்ஜினை மட்டும் மறந்துடாதீங்க.

அந்த நாட்களில் டீலர்களுக்குப் பெரிய தலைவலி புது கார் இல்லை, பழைய கார். புதுசு வாங்க வருபவர்கள் தங்கள் பழைய வண்டியை எக்ஸ்சேஞ்ச்சில் தள்ளிவிட்டுப் போனார்கள். அதை அதிக விலைக்கு எடுத்து, குறைந்த விலைக்கு விற்றுத் தொலைத்து நொடித்துப்போன டீலர்கள் ஏராளம். பழைய கார் டீலர் என்றாலே ஒரு தினுசாகப் பார்க்கும் வழக்கம் ஆரம்பமானதும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். போட்ட காசை எடுக்க வண்டியின் வயசையும் ஓட்டத்தையும் மறைத்து விற்றவர்களும் உண்டு.

தூதர் உத்தியோகமும் கடைசி ஓட்டமும்

1929-ல் வில்லிஸ் தன் பங்குகளை விற்றார். 2 கோடி டாலருக்கும் மேல். சில மாதங்களில் அமெரிக்கப் பங்குச்சந்தை தலைகுப்புற விழுந்தது. அவர் வாழ்க்கையில் ஒரு பொருளைச் சரியான நேரத்தில் விற்றார் என்றால் இதுதான். 1930-ல் அதிபர் ஹூவர் அவரை போலந்துக்கு அனுப்பினார். அமெரிக்கா அந்த நாட்டுக்கு முழு தூதர் அந்தஸ்தில் அனுப்பிய முதல் ஆள் இவர்தான். சைக்கிள் கடைக்காரர் வார்சாவில் தூதர்!

அங்கேயே நிம்மதியாக இருந்திருக்கலாம். பொருளாதார மந்தத்தில் டொலீடோ கம்பெனி முழுகிக்கொண்டிருந்தது. 1932-ல் பதவியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். தன் பெயர் இருக்கும் கம்பெனி கண்முன்னால் சாவதைப் பார்க்க முடியவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குப் படவில்லை. 1933 பிப்ரவரியில் கம்பெனி கோர்ட் நிர்வாகத்துக்குப் போனது. கைவசம் இருந்த காசுக்கு ஒரே ஒரு கார்தான் செய்யலாம் என்ற நிலை. வில்லிஸ் 77 என்ற குட்டி காரை மட்டும் செய்தார்கள். விலை 400 டாலருக்குள். இன்ஜின், விப்பெட்டில் இருந்த அதே நாலு சிலிண்டரின் வாரிசு.

1935 மே மாதம் வில்லிஸுக்கு மாரடைப்பு. ஆகஸ்ட் 26-ம் தேதி நியூயார்க்கில் இறந்தார். வயது 61. அப்போது அவருடைய கம்பெனி, கோர்ட் தயவில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

அவர் பார்க்காத வண்டி

ஐந்து வருஷம் கழித்து, 1940 கோடையில், அமெரிக்க ராணுவம் நாலு சக்கரமும் இழுக்கும் லேசான வண்டி ஒன்று வேண்டும் என்று 135 கம்பெனிகளுக்கு எழுதியது. முதலில் செய்து காட்டியது பேண்டம் என்ற சின்ன கம்பெனி. ராணுவம் அதன் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. பேண்டமுக்கு நடந்தது நியாயமே இல்லை. போட்டியில் வில்லிஸ் வண்டி ஜெயித்ததற்குப் பெரிய காரணம் இன்ஜின். விப்பெட்டிலிருந்து வந்த அந்தப் பழைய நாலு சிலிண்டரை, பார்னி ரூஸ் என்ற தலைமை இன்ஜினீயர் தட்டித் தட்டி 60 குதிரைசக்திக்கு ஏற்றி வைத்திருந்தார். போட்டியாளர்களிடம் அவ்வளவு இழுவை இல்லை. 1941-ல் 16,000 வண்டிகளுக்கு ஆர்டர். போர் முடிவதற்குள் வில்லிஸ் கம்பெனி சுமார் 3,60,000 ஜீப்கள் செய்தது. அதே டிசைனில் ஃபோர்டு செய்தவை சுமார் 2,80,000.

ஜீப்பை உருவாக்கியதே நாங்கள்தான் என்று வில்லிஸ் கம்பெனி விளம்பரம் செய்ய, அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 1948-ல் அப்படிச் சொல்லக் கூடாது என்று தடுத்தது. விற்பதில் கொஞ்சம் கூடுதலாகப் பேசும் பழக்கம், நிறுவனர் போன பிறகும் கம்பெனியை விட்டுப் போகவில்லை!

போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான ஜீப்கள் அரசாங்கத்தின் கையில் மிஞ்சின. உபரியாக விற்றார்கள். போருக்குப் போய் வந்தவர்களுக்கு முன்னுரிமை. எங்கே நிற்கிறதோ, எப்படி இருக்கிறதோ, அப்படியே எடுத்துக்கொள்ளணும். சில வண்டிகள் புதுசு மாதிரி இருந்தன, சிலவற்றில் சேஸிஸ் மட்டுமே மிச்சம். இந்தச் சமயத்தில் ஒரு புரளி கிளம்பியது. பெட்டிக்குள் கிரீஸ் தடவி வைத்த புத்தம்புது ஜீப், வெறும் 50 டாலருக்குக் கிடைக்கும் என்று. பத்திரிகைகளிலும் காமிக்ஸ் புத்தகங்களிலும் குட்டி குட்டி விளம்பரங்கள் வந்தன. பணம் அனுப்பினால் ஜீப் வராது. அரசாங்க உபரிச் சாமான்களை ஏலத்தில் எடுப்பது எப்படி என்று ஒரு சின்ன புத்தகம் வரும். போர் முடிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் இந்த விளம்பரங்கள் ஓடின. இன்னிக்கு ராணுவத்துல இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, அவசரமா தாரை விக்கிறேன்னு யூனிஃபார்ம் போட்டோவோட வர்ற மெசேஜ், அந்த விளம்பரத்தோட பேரன்தான்.

மும்பை வழியாக நம்ம ஊருக்கு

1945-ல் இரும்பு வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்ட மஹிந்திரா அண்ட் முகமது நிறுவனம், 1947-ல் மும்பையில் வில்லிஸ் ஜீப்களை அசெம்பிள் செய்ய ஆரம்பித்தது. கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். கம்பெனி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. பிறகு லைசென்ஸ் வாங்கி இங்கேயே தயாரிப்பு. நம்ம ஊர் கலெக்டர் ஜீப், போலீஸ் ஜீப், எஸ்டேட் ஜீப் எல்லாமே அந்த வம்சம். 2010-ல் வந்த முதல் தார் வரை அந்தச் சாடை மாறவே இல்லை.

அந்தச் சாடைக்குத்தான் இன்னிக்கு செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்ல மவுசு. அதனால நம்ம வண்டிப் பேச்சு கொஞ்சம். நேரடியா ஓனர்கிட்ட எடுக்கிறீங்கன்னா, ஆர்.சி.யில் இருக்கிற சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில அடிச்சிருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. பழைய ஜீப்கள்ல இன்ஜின் மாத்தறது சகஜம். ஆர்.சி.யில் ஏறாத மாற்றம் நாளைக்கு உங்க தலைவலி. வண்டியின் ஒரிஜினல் அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு 2019-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. ஃபார்ம் 29, 30-ல ஓனர் கையெழுத்து, லோன் இருந்திருந்தா ஃபார்ம் 35-ம் பேங்க் என்.ஓ.சி.யும் கைக்கு வராம முழுப் பணத்தைக் கொடுக்காதீங்க.

4x4 ஸ்டிக்கரை நம்பவே நம்பாதீங்க. 2023 முதல் தார்ல பின்சக்கர டிரைவ் மாடலும் வருது. வெளியே பார்த்தா அதே முகம். உள்ளே கியர் லீவர் பக்கத்துல இன்னொரு குட்டி லீவர் இருக்கான்னு பாருங்க. இருந்தா, மண் தரையில் 4L போட்டு ஓட்டிப் பாருங்க, தார் ரோட்ல வேண்டாம். அடியில் படுத்து, கார்ப்பெட்டுக்குக் கீழே சேறு காய்ஞ்சிருக்கா, டிஃபரென்ஷியல் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருக்கான்னு மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. அப்படி இருந்தா வண்டி நீச்சலுக்குப் போய் வந்திருக்குன்னு அர்த்தம்.

டீலர்கிட்ட போனாலும் இதெல்லாம் பார்க்கணும். கூடவே, ஆர்.டி.ஓ. கொடுத்த அங்கீகாரச் சான்று இருக்கான்னு கேளுங்க. 2023 ஏப்ரலில் வந்த விதிப்படி, ஓனர் வண்டியை அங்கீகாரம் பெற்ற டீலர்கிட்ட ஒப்படைச்சு அதை முறையா பதிவு பண்ணிட்டா, விற்கிற வரைக்கும் அந்த டீலர்தான் வண்டிக்கு உரிமையாளர் மாதிரி பொறுப்பு. பதில் சொல்ல ஓர் ஆள், சட்டப்படி. வாரன்ட்டி தர்றேன்னு வாயால சொன்னா, பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. எழுதத் தயங்கினா, பழைய ஓனரையே தேடிப்போறது மேல். அங்கேயாவது மார்ஜின் மிச்சம்.

வில்லிஸ் கம்பெனி 1953-ல் கைசருக்குப் போனது. 1970-ல் ஜீப்பை அமெரிக்கன் மோட்டார்ஸ் வாங்கியது. 1987-ல் அதையும் ஒரு கம்பெனி விழுங்கியது. யார் தெரியுமா? கிரைஸ்லர்! வில்லிஸிடமிருந்து எடுக்க முடியாமல் போன டொலீடோ, அறுபத்தைந்து வருஷம் கழித்து அந்தப் பெயருக்கே போய்ச் சேர்ந்தது.

1909-ல் வில்லிஸ் வாங்கிய ஃபேக்டரி வளாகத்தை இடித்துவிட்டார்கள். ஒரே ஒரு செங்கல் புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்தார்கள். அதில் மேலிருந்து கீழாக ஓவர்லேண்ட் என்ற எழுத்துகள் தெரியும். ஜீப் ராங்ளர் இன்றைக்கும் அதே ஊரில்தான் தயாராகிறது.